டீசல்ல தண்ணி: ஃபில்டர்ல ஒரு டம்ளர் வந்துச்சு, இன்னும் ஸ்டார்ட் பண்ணல

கூடலூர்_தார்

வண்டி 2021 மஹிந்திரா தார், 2.2 டீசல், மேனுவல். பெரும்பாலும் கூடலூர் பக்கத்து எஸ்டேட் ரோட்டுலதான் ஓடும்.

ஞாயித்துக்கிழமை லோ ரேஞ்சுல (மெதுவா, பலமா இழுக்கிற 4x4 கியர்) ரெண்டு மணி நேரம் ஏறி இறங்கின சூட்டோட ஓடையில இறக்கினோம். முழங்காலுக்கு மேல தண்ணி, கம்பெனி சொன்ன 650 மில்லிமீட்டருக்குள்ளதான் இருக்கும். பாறை இடுக்குல பின் சக்கரம் சிக்கி, பத்துப் பன்னிரண்டு நிமிஷம் நடு ஓடையிலேயே நின்னுச்சு. அப்போ டேங்க்ல 22 லிட்டர் சுமாருக்கு இருந்திருக்கும். வெளியே வந்து வீடு வரைக்கும் 14 கிலோமீட்டர், ஒரு குறையும் இல்லை. ராத்திரி கேரியர் மேல ஒரு மாசமா கிடந்த 20 லிட்டர் கேன்ல பாதியை டேங்க்ல ஊத்தினேன்.

திங்கள் காலையில ஸ்டார்ட் ஆச்சு. ஒரு கிலோமீட்டர் தாண்டலை. டீசல்ல தண்ணி லைட் வந்து, இழுவை போய், வெள்ளைப் புகை விட்டு நின்னுடுச்சு. இன்னும் ரெண்டு தடவை அடிச்சுப் பார்த்தேன், பிடிக்கலை. கயிறு கட்டி இழுத்து வந்தாச்சு. ஃபில்டர் அடியில ட்ரெயின் ஸ்க்ரூவைத் திறந்தா ஒரு டம்ளர், 150 மில்லி இருக்கும், முழுக்கத் தண்ணி. டீசல் வரவே இல்லை.

ஆளுக்கு ஒண்ணு சொல்றாங்க. ஃபில்டரை மாத்திட்டு ஸ்டார்ட் பண்ணுன்னு ஒருத்தர். நாசில் பைப் நட்டை லூஸ் பண்ணி, செல்ஃப் அடிச்சு ஏர் எடுத்தா போதும்னு எங்க ஊர் மெக்கானிக். அரை லிட்டர் ஸ்பிரிட் ஊத்தினா தண்ணியைக் கரைச்சு எரிச்சுடும்னு இன்னொருத்தர். ராத்திரிக் குளிர்ல டேங்க் வேர்த்து வந்த தண்ணிதான், பயப்படாதேன்னு நண்பன். எதை எடுத்துக்கிறது?

---

பம்ப்ரூம்_கோவை

நான்கையும் விட்டுவிடுங்கள். சாவியை எடுத்து வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். செல்ஃப் மட்டுமல்ல, சாவியை ஆன் நிலைக்குக்கூடக் கொண்டுபோக வேண்டாம். டேங்குக்குள் எலெக்ட்ரிக் பம்ப் இருக்கும் மாடல் என்றால், ஆன் செய்த மாத்திரத்தில் அது அடியில் இருப்பதை அப்படியே ஃபில்டருக்குத் தள்ளும். இனி வண்டியை இழுப்பதாக இருந்தால் நியூட்ரலில் இழுங்கள். கியரில் போட்டுத் தள்ளினால் இன்ஜினோடு ஹை பிரஷர் பம்பும் சுற்றும்.

நீங்கள் எழுதியதில் முக்கியமான வரி "டீசல் வரவே இல்லை" என்பதுதான். ஃபில்டர் கிண்ணத்தில் கொஞ்சம் தண்ணீர் சேர்ந்து, அதன் பின்னால் டீசல் வந்திருந்தால் ஃபில்டர் தன் வேலையைச் செய்திருக்கிறது என்று விட்டுவிடலாம். முழுக்கத் தண்ணீர் என்றால் கிண்ணம் நிரம்பி வழிந்து, பேப்பரையும் தாண்டிவிட்டது. டேங்கில் இன்னும் நிறைய இருக்கிறது.

முதல் நாள் 14 கிலோமீட்டர் ஏன் ஓடியது? குலுங்கும் டேங்கில் தண்ணீர் துளித்துளியாகச் சிதறிக் கிடக்கும். கொஞ்சம் கொஞ்சமாக வந்ததை ஃபில்டர் பிடித்துவைத்திருக்கும். இரவு முழுக்க நின்றபின் எல்லாம் அடியில் இறங்கி, உறிஞ்சும் குழாயைச் சுற்றித் தேங்கிவிட்டது. காலையில் பம்ப் முதலில் இழுத்தது அதைத்தான்.

உங்கள் வண்டியில் இருப்பது காமன் ரயில்: உயர் அழுத்த டீசல் ஒரே பொதுக் குழாயில் நின்று எல்லா இன்ஜெக்டருக்கும் போகும். அதில் இது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றால், பம்புக்கும் இன்ஜெக்டருக்கும் தனியாக ஆயில் கிடையாது. டீசலேதான் அவற்றுக்கு எண்ணெய். உள்ளே இடைவெளி இரண்டு மூன்று மைக்ரான். 1,600 பார், அதற்கும் மேல் அழுத்தம். அந்த இடத்தில் தண்ணீர் வந்தால் எண்ணெய்ப் படலம் அறுந்து உலோகத்தோடு உலோகம் உரசும். இன்ஜெக்டர் முனைச் சூட்டில் தண்ணீர் நொடியில் ஆவியாகி வெடிப்பதால் முனையே பெயர்ந்து போவதும் உண்டு. அப்படி எதுவும் ஆகாவிட்டாலும், தண்ணீர் பட்ட ஸ்டீல் ஓரிரு வாரம் சும்மா நின்றாலே துருப்பிடித்து இறுகும். அதனால் வேலையைத் தள்ளிப்போட வேண்டாம்.

செய்ய வேண்டியது: டேங்கின் தாழ்ந்த மூலை இன்னும் தாழும்படி வண்டியைச் சாய்த்து நிறுத்தி, ஓர் இரவு அசைக்காமல் விடுங்கள். ட்ரெயின் பிளக் இருந்தால் அது வழியாக, இல்லாவிட்டால் ட்யூபை அடி வரை விட்டு, முதல் ஐந்து லிட்டரைத் தனிப் பாத்திரத்தில் எடுங்கள். கண்ணாடி பாட்டிலில் பிடித்தால் கோடு பிரிவது தெரியும். கோடு தெரியாமல் மோர் மாதிரி கலங்கியிருந்தால் தண்ணீர் டீசலோடு அடிபட்டுக் கலந்திருக்கிறது, தெளிய ஒரு நாள்கூட ஆகும். சந்தேகம் வந்தால் பொட்டாசியம் பெர்மாங்கனேட் இரண்டு துகள் போடுங்கள். டீசலில் அது கரையாது. தண்ணீர் இருந்தால் அடியில் ஊதா நிறம் ஓடும்.

ஒரு லிட்டருக்கு மேல் தண்ணீர் வந்தால் யோசிக்காமல் டேங்கை இறக்குங்கள். உள்ளே தடுப்புத் தகடுகளுக்கும் உறிஞ்சும் கிண்ணத்துக்கும் இடையில் நிற்கும் தண்ணீர் ட்யூபில் வராது. காலி செய்த பிறகே இறக்க வேண்டும். முழு டேங்கின் 57 லிட்டர் டீசல் மட்டுமே 47 கிலோ. இரண்டு மூன்று லிட்டர் புது டீசல் ஊற்றிக் குலுக்கிக் கொட்டுங்கள். பெட்ரோல் வேண்டாம். பஞ்சு வேஸ்ட்டும் வேண்டாம், நூல் உதிரும்; உதிராத துணியால் துடையுங்கள். சுவரில் கறுப்பாகக் கொழகொழவென்று ஒட்டியிருந்தால் அது அழுக்கு இல்லை, தண்ணீரும் டீசலும் சேரும் இடத்தில் வளரும் நுண்ணுயிர். அப்படியென்றால் உங்கள் தண்ணீர் ஞாயிற்றுக்கிழமை வந்தது மட்டுமில்லை, ரொம்ப நாளாகவே இருந்திருக்கிறது.

டேங்கிலிருந்து ஃபில்டர் வரும் குழாயை இரு முனையும் கழற்றி ஒரு லிட்டர் டீசல் விட்டுக் கழுவுங்கள். மிஞ்சிய டீசலை டேங்குக்குத் திருப்பிக் கொண்டுவரும் ரிட்டர்ன் லைனையும் அப்படியே. பலரும் ரிட்டர்ன் லைனை மறந்துவிடுகிறார்கள். அதில் நிற்கும் தண்ணீர் கழுவிய டேங்குக்கே திரும்பிப் போய்ச் சேரும்.

ஃபில்டர் புதிது. பழைய பேப்பர் ஊறி உப்பியிருக்கும், காயவைத்துப் பயனில்லை. புது ஃபில்டருக்குள் டீசல் நிரப்பி மாட்டும் பழக்கம் இருந்தால், பம்புக்குப் போகும் பக்கத்து ஓட்டையில் ஒருபோதும் ஊற்றாதீர்கள். அதில் விழும் தூசி நேரே பம்புக்குத்தான் போகும். கை ப்ரைமர் (கையால் அமுக்கி டீசலை ஏற்றும் சின்னப் பம்ப்) இருந்தால் இறுகும் வரை அமுக்குங்கள். எலெக்ட்ரிக் பம்ப் என்றால் சாவியை 20 நொடி ஆன், பிறகு ஆஃப், ஐந்து தடவை. அதன்பிறகு செல்ஃப் 10 நொடிக்கு மேல் வேண்டாம், இடையே ஒரு நிமிடம் ஓய்வு.

ஸ்பிரிட் பற்றி: பழைய பம்புகளின் காலத்து வைத்தியம் அது. ஆல்கஹால் டீசலின் வழவழப்பை மேலும் குறைக்கும், அதோடு தண்ணீரைக் கரைத்து ஃபில்டரைத் தாண்டவும் வைக்கும். ஃபில்டரில் நின்றிருக்க வேண்டிய தண்ணீரை நாமே இன்ஜெக்டர் வரை கொண்டுபோய் விடுவதுதான் அது. தண்ணீரை "கலக்கும்" அடிட்டிவ்களும் அதே வகை. வாங்குவதானால் "பிரித்து அடியில் இறக்கும்" வகையைப் பார்த்து வாங்குங்கள். ஆனால் ஒரு டம்ளர் தண்ணீருக்கு எந்த பாட்டிலும் மருந்தில்லை.

---

எஸ்டேட்_ஜீப்

மேல சொன்னது எல்லாம் சரி. மெக்கானிக் சொன்ன "நட்டை லூஸ் பண்ணி ஏர் எடுக்கிறது" பத்தி மட்டும் அழுத்திச் சொல்லணும். அது எங்க மாதிரி, காமன் ரயில் இல்லாத பழைய டிஐ ஜீப்புக்கான முறை. காமன் ரயில்ல அந்த நட்டுல கை வைக்கக்கூடாது. இன்ஜின் சுத்துறப்போ அங்கே வர்ற டீசல் ஊசி மாதிரி தோலுக்குள்ள இறங்கிடும். வெளியே சின்ன புள்ளிதான் தெரியும், உள்ளே சதை அழுகும், விரலையே எடுக்க வேண்டி வரும். அப்படிப் பட்டா வலி இல்லைன்னாலும் உடனே ஆஸ்பத்திரி. இன்ஜினை ஆஃப் பண்ணினாலும் சில நிமிஷம் விட்டுட்டுத்தான் அந்தப் பக்கம் போகணும்.

மேஜர், கமாண்டர், பழைய பொலேரோ டிஐ வெச்சிருக்கிறவங்க இதைப் படிப்பீங்கன்னு எங்க முறையையும் எழுதிடறேன். ரெட்டை ஃபில்டர் இருக்கும். முதல் கிண்ணத்துல துணி மாதிரி எலிமென்ட், ரெண்டாவதுல பேப்பர். முதல் கிண்ணத்துல மட்டும் தண்ணி இருந்தா தப்பிச்சோம். ரெண்டாவதுலயும் இருந்தா பம்புக்குப் போயிருக்குன்னு வெச்சுக்கலாம். ரெண்டு எலிமென்டும் மாத்தி, பைப்பை இணைக்கிற பாஞ்சோ போல்ட்டுக்குப் புது காப்பர் வாஷர் போட்டு (பழசைத் திருப்பிப் போட்டா காத்து இழுக்கும், அப்புறம் நாள் முழுக்க ஏர்தான்), ஃபில்டர் தலையில உள்ள ஸ்க்ரூவைத் தளர்த்தி, ஃபீட் பம்ப் பிளஞ்சரை அமுக்கணும். நுரை நின்னு தெளிஞ்ச டீசல் வந்ததும் அமுக்கிக்கிட்டே ஸ்க்ரூவை மூடணும். அடுத்து பம்ப் மேல உள்ள ஸ்க்ரூ, அதே மாதிரி. கடைசியாத்தான் நாசில் நட், அரைச் சுத்து.

இதுல ஒண்ணை விட்டுடாதீங்க. இந்தப் பழைய இன்லைன் பம்ப்ல தண்ணி போய் ரெண்டு மூணு நாள் நின்னா, உள்ளே டீசல் அளவைக் கூட்டிக் குறைக்கிற ராக் ஒட்டிக்கும். ஃபுல் டீசல் நிலையில ஒட்டினா ஸ்டார்ட் ஆன கையோட ஆர்பிஎம் எகிறி நிக்காது. அதனால ஸ்டார்ட் பண்ணும் முன்னாடி ஆக்ஸிலரேட்டர் லீவரும் ஸ்டாப் லீவரும் கையால லேசா அசையுதான்னு பாருங்க. இறுக்கமா இருந்தா பம்பைக் கழட்டி பம்ப் கடைக்குக் கொடுக்கிறதுதான் வழி.

---

அரைக்கால்_கணக்கு

"டேங்க் வேர்த்துது" என்ற கதைக்கு ஒரு கணக்கு. 22 லிட்டர் டீசல் என்றால் மேலே 35 லிட்டர் காற்று. 30 டிகிரியில் ஈரம் நிறைந்த காற்று ஒரு கன மீட்டருக்குச் சுமார் 30 கிராம் நீராவி சுமக்கும். 15 டிகிரியில் 13 கிராம். 35 லிட்டர் காற்று அத்தனை குளிர்ந்தாலும் விழும் தண்ணீர் 0.6 கிராம். பத்துச் சொட்டு. காற்று தினமும் முழுக்கப் புதிதாக மாறினால்கூட ஒரு மாதத்துக்கு 20 மில்லியைத் தொடாது. ஒரே இரவில் ஒரு டம்ளர் வேர்க்க வாய்ப்பே இல்லை. (வருடக் கணக்கில் கால் டேங்கோடு நிற்கும் வண்டிக்கு இந்தச் சொட்டுகள் பொருட்டுதான். அது வேறு பேச்சு.)

டீசலிலேயே கரைந்து வருவதும் இல்லை. பிஎஸ்6 டீசலில் அனுமதிக்கப்பட்ட தண்ணீர் கிலோவுக்கு 200 மில்லிகிராம். முழு டேங்குக்கே பத்து கிராம் வராது.

இப்போது ஓடையைப் பாருங்கள். காமன் ரயிலில் ரிட்டர்ன் டீசல் சூடாகத் திரும்பும். இரண்டு மணி நேர லோ ரேஞ்சுக்குப் பிறகு டேங்க் காற்று 50 டிகிரி என்று வைத்துக்கொள்வோம். குளிர்ந்த ஓடைத் தண்ணீர் டேங்கைத் தழுவி அது 30 டிகிரிக்கு இறங்கினால், 35 லிட்டர் காற்று சுருங்குவது 2 லிட்டருக்குச் சற்று மேல். அந்த இடத்தை நிரப்ப பிரீதர், அதாவது டேங்குக்குக் காற்று போய்வரும் குழாய், எதையாவது உறிஞ்சியே ஆக வேண்டும். பிரீதர் வாய் தண்ணீருக்குள் இருந்தால் உறிஞ்சுவது தண்ணீரை. சும்மா கடந்து போயிருந்தால் இவ்வளவு ஆகியிருக்காது. பத்து நிமிடம் நின்றதுதான் வினை. 650 மில்லிமீட்டர் என்பது ஓட்டிக் கடக்கச் சொன்ன ஆழம், ஊற வைக்கச் சொன்னது அல்ல.

கேன் மீதும் சந்தேகம் வையுங்கள். மீதி 10 லிட்டரை அசைக்காமல் வைத்து, அடியிலிருந்து அரை லிட்டர் எடுத்துப் பாருங்கள். சுத்தமாக இருந்தால் குற்றவாளி பிரீதர்தான்.

---

பெட்ரோல்_மலை

குறுக்கே வர்றதுக்கு மன்னிக்கணும். ஜிம்னி மாதிரி பெட்ரோல் வண்டிக்கும் இதே முறையா?

---

பம்ப்ரூம்_கோவை

இல்லை. இ20 பெட்ரோலில் (20 சதவீதம் எத்தனால் கலந்தது) உள்ள எத்தனால் கொஞ்சம் தண்ணீரைத் தனக்குள் கரைத்துக்கொள்ளும், அது வரை ஒன்றும் தெரியாது. அளவு மீறினால் எத்தனால் தண்ணீரோடு கைகோத்துக்கொண்டு பெட்ரோலை விட்டுப் பிரிந்து அடியில் இறங்கிவிடும். அதன்பிறகு மேலே இருப்பது எத்தனால் இழந்த, ஆக்டேன் குறைந்த பெட்ரோல். கீழே இருப்பது இன்ஜினில் சரியாக எரியாத கலவை. பிரிந்தபின் புதுப் பெட்ரோல் ஊற்றிச் சரிக்கட்ட முயல வேண்டாம், மொத்தத்தையும் எடுத்துவிட வேண்டும். பெர்மாங்கனேட் சோதனையும் இங்கே செல்லாது, எத்தனாலே அதை நிறம் மாற்றிவிடும். பைக் என்றால் முதலில் டேங்க் மூடியைச் சுற்றியுள்ள வடிகால் ஓட்டையைக் கம்பி விட்டுப் பாருங்கள். மண் அடைத்தால் மழைத்தண்ணீர் அங்கே தேங்கி மூடி வழியாகவே உள்ளே போகும்.

பெட்ரோல் பங்க் மீது சந்தேகம் வருபவர்களுக்கும் ஒரு வார்த்தை: டீசலோ பெட்ரோலோ, அன்றைய அடர்த்தியை எழுதி வைத்திருப்பார்கள். உங்கள் முன்னால் அளந்து காட்டச் சொல்லலாம், கன மீட்டருக்கு 3 கிலோவுக்கு மேல் வித்தியாசம் இருக்கக்கூடாது. நிலத்தடி டேங்கில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கும் பேஸ்ட்டும் அவர்களிடமே இருக்கும். கனமழைக்கு மறுநாள் கேட்பதில் தப்பில்லை. பில்லும், மூடி ஒட்டிய ஒரு லிட்டர் சாம்பிளும் இல்லாமல் பிறகு சண்டை போட்டுப் பயனில்லை.

---

கூடலூர்_தார்

எல்லாருக்கும் நன்றி. நிலவரம் சொல்றேன்.

டேங்கை இறக்கியாச்சு. மொத்தத் தண்ணி 1.4 லிட்டர், தெளிவா, அடியில ஓடை வண்டல் ஒரு ஸ்பூன் அளவு. கேன் சாம்பிள்ல ஒரு சொட்டு இல்லை. கறுப்புக் கொழகொழ எதுவும் இல்லை. ரெண்டு லைனும் கழுவி, புது ஃபில்டர் போட்டு, மூணாவது தடவை செல்ஃப்ல ஸ்டார்ட் ஆச்சு. கால் மணி நேரம் ஐடில்ல விட்டு ஃபில்டரைத் திறந்தேன், ஏழெட்டுச் சொட்டு தண்ணி, அப்புறம் டீசல். ஆனா குளிர்ல ஸ்டார்ட் பண்ணும்போது ஒரு டக் டக் சத்தம், ஐடில் லேசா நடுங்குது. சூடானதும் பாதி குறையுது. இன்ஜெக்டர் போச்சா?

---

பம்ப்ரூம்_கோவை

போச்சு என்று இப்போதே முடிவு கட்ட வேண்டாம், காற்றும் இப்படித் தட்டும். 50 கிலோமீட்டர் மெதுவாக ஓட்டிவிட்டு ஃபில்டரை மறுபடி வடியுங்கள். அதற்குப் பிறகும் சத்தம் இருந்தால் ரிட்டர்ன் அளவுச் சோதனை. நான்கு இன்ஜெக்டரின் ரிட்டர்ன் குழாயையும் கழற்றி, ஒரே அளவு ட்யூபில் ஒரே மாதிரி நான்கு பாட்டிலில் விடுங்கள். பிரதான ரிட்டர்ன் லைனின் திறந்த வாயை அடைக்க மறக்க வேண்டாம். ஐந்து நிமிடம் ஐடில். நான்கும் ஏறக்குறைய சமமாக இருந்தால் கவலையில்லை. ஒன்று மட்டும் மற்றதைவிட இரண்டு மடங்கு என்றால் அதைக் கழற்றி டெஸ்ட் பெஞ்சில் கொடுங்கள். நான்கையும் மாற்றச் சொல்பவரிடம் முதலில் இந்த நான்கு பாட்டிலைக் காட்டுங்கள்.

ஸ்கேனர் கிடைத்தால் செல்ஃப் அடிக்கும்போது ரயில் பிரஷர் எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறது என்று பாருங்கள். பொதுவாக 200 பார் சுற்றுக்கு வந்தால்தான் இன்ஜெக்டர் திறக்கவே செய்யும். ஸ்கேனர் காட்டும் பிழை எண்களில் பி2269 தண்ணீரைச் சொல்வது, அதை அழித்துவிடலாம். பி0087, அதாவது பிரஷர் போதவில்லை என்பது, அழித்த பிறகும் ஏற்றத்தில் திரும்ப வந்தால் பம்பைச் சந்தேகியுங்கள்.

கழற்றிய பழைய ஃபில்டரைத் தூக்கிப் போட்டிருக்க மாட்டீர்கள் என்று நம்புகிறேன். பேப்பரை அறுத்து வெயிலில் விரித்துப் பாருங்கள். வெள்ளிப் பொடி மாதிரி மினுங்கினால் ரிட்டர்ன் வழியாகப் பம்பின் உலோகம் டேங்குக்குப் போய்த் திரும்பி வந்திருக்கிறது. அப்படியானால் பம்ப், ரயில், இன்ஜெக்டர், பைப் எல்லாம் ஒன்றாகத்தான் பார்க்க வேண்டும். பம்பை மட்டும் மாற்றினால் மிச்சமிருக்கும் பொடி புது இன்ஜெக்டரைத் தின்றுவிடும். மினுங்கவில்லை என்றால் நிம்மதி. இப்போது போட்டிருக்கும் ஃபில்டரை 1,000 கிலோமீட்டரில் மாற்றுங்கள், சர்வீஸ் வரும் வரை காத்திருக்க வேண்டாம்.

---

எஸ்டேட்_ஜீப்

பிரீதர் வேலையையும் இப்பவே முடிச்சிடுங்க, டேங்க் கீழே இருக்கும்போதுதான் கை போகும். 8 மில்லிமீட்டர் உள் அளவு, டீசல் தாங்கும் ரப்பர் ஹோஸ்; மீன் தொட்டி ட்யூப் வேண்டாம், ஒரு வருஷத்துல விறைச்சு உடையும். டேங்கிலிருந்து ஏறுமுகமாவே போகணும். நடுவுல எங்கேயும் தொங்கி வளைஞ்சா அங்கே டீசலோ தண்ணியோ தேங்கி அடைக்கும். பின் விளக்குக்குப் பின்னாடி உயரத்துல முடிச்சு, வாயைக் கீழ்நோக்கித் திருப்பி, நுனியில சின்ன ஃபில்டர் ஒண்ணு. கட்டிமுடிச்சதும் வாயால ஊதிப் பாருங்க, தடையில்லாமப் போகணும். டீசல் மூடியோட ரப்பர் ரிங்கும் விரல்நகத்தால கீறிப் பாருங்க, வெடிப்பு இருந்தா மாத்திடுங்க. மூடி வழியா வந்தா பிரீதரை எவ்வளவு தூக்கினாலும் வீண்.

தண்ணியைப் பிரிக்கிற, கண்ணாடிக் கிண்ணம் வெச்ச தனி செபரேட்டர் மாட்டச் சொல்வாங்க. எங்க டிஐக்கு அருமை. உங்க வண்டிக்குன்னா 30 மைக்ரான் வகையா, இன்ஜினோட ஓட்டத்தைத் தாங்குறதாப் பார்த்து வாங்கணும். சின்னதை மாட்டினா ஏத்தத்துல டீசல் பத்தாம இழுவை போகும், அப்புறம் அதையும் தண்ணின்னு நினைச்சு டேங்கைத் திரும்ப இறக்குவீங்க.

---

கூடலூர்_தார்

பழைய ஃபில்டரை அறுத்துப் பார்த்தேன், மினுக்கம் இல்லை. 60 கிலோமீட்டர் ஓடினதுல டக் டக் நின்னுடுச்சு, ஃபில்டர்ல சொட்டுகூட வரலை. டேங்கைத் திரும்ப ஏத்தும் முன்னாடியே பிரீதர் ஹோஸ் பாத்தேன்: தொழிற்சாலையில போட்டது சேஸிஸ் ஓரமா முடியுது, அதன் வாயில ஓடைப் பாசி காஞ்சு ஒட்டியிருந்தது. புது ஹோஸ் இப்போ பின் விளக்கு உயரத்துல இருக்கு. எடுத்த 5 லிட்டர் கலங்கல் டீசலை என்ன பண்றது?

---

எஸ்டேட்_ஜீப்

மூணு நாள் அசைக்காம வெச்சு, மேல தெளிஞ்சதை நட்டு போல்ட் கழுவ எடுத்துக்கோங்க. எந்த டேங்குக்கும் திருப்பி ஊத்தாதீங்க. அடியில நிக்கிறதை ஒர்க்‌ஷாப் வேஸ்ட் ஆயில் ட்ரம்ல சேர்த்துடுங்க. ஓடை ஓரமா கொட்டினா கீழே இருக்கிற லைன் வீட்டுக் குடிதண்ணியிலதான் போய் நிக்கும்.